மழையை மட்டும் வாசித்தவர்

ஒத்தமரத் தோட்டம்,
லிந்துலை.
19.1.1955

அன்புள்ள அத்தானுக்கு, அரசி வணக்கத்துடன் எழுதுவது.

இந்த அகால வேளையில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. கோதை இப்போதுதான் தொட்டிலில் கண் அயர்ந்தாள். அவள் தூங்கினால்தான் என் கைக்குப் பேனா வரும். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் குளிரில் விரல் விறைத்ததென்று கொள்ளுங்கள். நீங்களும் அக்காவும் சுகம்தானே? அக்காவின் முழங்கால் வலி தேவலையா?

மலைநாட்டைச் சுற்றிப் பார்க்க எந்த மாதம் உகந்தது என்று கேட்டிருந்தீர்கள். முப்பது வருஷமாகப் பூகோளம் கற்பிப்பவருக்கு நான் சொல்வதா என்று சிரிப்பு வருகிறது. இங்கே இரண்டு வருஷம் துணி உலர்த்திய அனுபவத்தில் சொல்கிறேன். தை முதல் பங்குனி வரை வானம் வெளுத்திருக்கும். விடியற்காலையில் புல்மேல் உப்பைத் தூவியதுபோல் உறைபனி, எட்டு மணிக்கு நல்ல வெயில். சித்திரையில் பிற்பகல் தோறும் இடியும் மழையும். வைகாசிக் கடைசியில் தென்மேற்கு மழை இறங்கிவிட்டால் புரட்டாசி வரை விடாது. எதிரே தொழிலாளர் குடியிருக்கும் லயம்கூடக் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே வருவதானால் இப்போதே வாருங்கள்.

இப்போதே என்பதற்கு வேறு காரணமும் உண்டு. மார்கழியிலிருந்து கோதைக்கு இழுப்பு. இரவானால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி முனகுவதுபோல் சத்தம். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா, "மழை எறங்குறதுக்கு முந்தி காஞ்ச எடமாப் பாத்துக் கொண்டு போங்கம்மா. முடியாட்டி ராப்பகலா மடியில வச்சுப் பாக்க இன்னொரு ஆள் வேணும்" என்கிறார். ஊருக்குக் கொண்டுவர வழியில்லை. இவர் போட்ட இந்த நாட்டுப் பிரஜாவுரிமை மனு விசாரணையில் இருக்கிறது. நான் கப்பலேறினால் திரும்பி வர விடுவார்களா என்பது யாருக்கும் தெரியவில்லை. அக்கா வந்து மூன்று மாதம் கூட இருந்தால் போதும். தாயில்லாத என்னை வளர்த்தவள் அவள். அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரிந்திருந்தால் உங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. தயவுசெய்து இந்த இடத்தை நிதானமாக வாசித்துக் காட்டுங்கள்.

அக்கா கேட்டபடி, வெள்ளி அரைஞாண் செய்ய கோதையின் இடுப்பளவு நூலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அன்புள்ள,
அரசி

*

உறையூர்,
திருச்சிராப்பள்ளி.
6.2.1955

சௌபாக்கியவதி அரசிக்கு ஆசிகள். இங்கு இருவரும் சுகம். அங்கும் அவ்வாறே என நம்புகிறேன்.

உன் கடிதத்தை அக்காவுக்கு வாசித்தேன். உறைபனியை உப்புக்கு ஒப்பிட்டதை மிகவும் ரசித்தாள். நூலைப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டு அன்றே தட்டானிடம் போய்விட்டாள்.

நீ மழை பெய்யும் மாதங்களைச் சொன்னாயே தவிர அளவைச் சொல்லவில்லை. என் மாணவி இப்படி எழுதலாமா? உங்கள் வீடு கடல் மட்டத்துக்கு எத்தனை அடி மேலே? மாதவாரியாக எத்தனை அங்குலம் மழை? மாப்பிள்ளை முத்துலிங்கம் மாஸ்டராக இருக்கும் பள்ளிக்கூடத்தில் மழைமானி இல்லாவிட்டாலும் தோட்டத்து ஆபீஸில் கட்டாயம் இருக்கும். விவரம் வந்ததும் பயணத்தைத் தீர்மானிக்கலாம். பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டாயிற்று.

குழந்தைக்கு என் முத்தங்கள். மலைக்காற்று அவளைத் தேற்றிவிடும்.

தெய்வநாயகம்

*

லிந்துலை
2.3.1955

அன்புள்ள அத்தானுக்கு வணக்கம். நாங்கள் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

நீங்கள் கேட்டவை: வீடு நாலாயிரத்து எழுநூறு அடி உயரத்தில் இருக்கிறது. போன வருஷம் தையும் மாசியும் சேர்த்து மூன்று அங்குலம். ஆனியில் மட்டும் பதினாறு. இவர் ஆபீஸில் போய்க் கேட்டபோது கிளார்க்கர், "மாஸ்டர், இந்த விவரம் தேயிலைக்கா, ஒங்க சகலைக்கா?" என்று கேட்டுச் சிரித்தாராம். இவர் வீட்டுக்கு வந்து என்னிடம் முகத்தைக் காட்டினார்.

இப்போதுதான் நல்ல காலம். காலையில் மலை முழுதும் பளிச்சென்றிருக்கிறது, ரயிலிலும் கூட்டமில்லை. பங்குனி முடிவதற்குள் அக்காவை மட்டுமாவது அனுப்பிவிடுங்கள். நீங்கள் விடுமுறையில் வரலாம்.

கோதைக்கு மூன்று நாள் நன்றாக இருந்தால் நாலாம் நாள் இழுக்கிறது. தாய்மார் கொழுந்து பறிக்கப் போனபின் அவர்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காளியாயி நேற்று வந்து எட்டிப் பார்த்தாள். "மாஸ்டரம்மா, புள்ள மூச்சு விடுறப்ப நெஞ்சுக்குழி உள்ளுக்குப் போவுது பாருங்க. நீங்க என்னா, கடுதாசி எழுதிக்கிட்டே இருக்கீங்க!" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. என்னிடம் இருப்பது கடுதாசி ஒன்றுதான்.

இதை அக்காவிடம் அப்படியே வாசியுங்கள்.

அரசி

*

உறையூர்
11.4.1955

சௌ. அரசிக்கு ஆசிகள். புத்தாண்டு வாழ்த்துகள். பரீட்சைத் தாள்கள் குவிந்ததால் தாமதம்.

நீ அனுப்பிய அளவுகள் மிக நேர்த்தி. அவற்றை வரைபடமாகப் போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஆனி மாதத்துக் கோடு கோபுரம் மாதிரி நிற்கிறது. சித்திரையில் வரலாமென்றால், நுவரெலியாவில் அது துரைமார்களின் உல்லாச காலம், குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியுமாகத் தங்க இடமே கிடைக்காது என்று பத்திரிகையில் படித்தேன். அதன்பின் உன் கோபுரம் வந்துவிடுகிறது. ஆகவே உன் அளவுகளின்படியே அடுத்த ஆண்டு மாசி மாதம்தான் உத்தமம் என்று முடிவு செய்திருக்கிறேன். பாஸ்போர்ட் இரண்டும் வந்துவிட்டன. அவசரமில்லை.

உன் அக்காவிடம் சொன்னேன். "இன்னும் பத்து மாசமா?" என்று மட்டும் கேட்டாள். அரைஞாண் வேலை முடிந்து வந்துவிட்டது. நல்ல கனம்.

தெய்வநாயகம்

*

லிந்துலை
3.5.1955

அன்புள்ள அத்தானுக்கு, அரசி அநேக வணக்கம். உங்கள் சுகம் அறிய ஆவல்.

மழைக்காலத்தைப் பற்றி முன்பு நான் கொஞ்சம் மிகைப்படுத்தி எழுதிவிட்டேன். வந்த புதிதில் கண்டதை நினைத்து எழுதியது, அப்போது எல்லாமே பயமாக இருந்தது. உண்மையில் ஆனி, ஆடி மாதங்களில்தான் இந்த மலைக்கு அழகு. தலவாக்கலைப் பக்கத்து அருவிகள் எல்லாம் நிரம்பி வழியும். மேகம் வாசல் வரை வந்து நிற்கும். பூகோளம் தெரிந்தவர்கள் பார்க்க வேண்டியது பருவமழை இறங்கும் காட்சியைத்தான். பதினாறு அங்குலமும் ஒரேயடியாகக் கொட்டுவதில்லை, இரவில்தான் அதிகம். பகலில் குடை பிடித்துக்கொண்டு எங்கும் போய் வரலாம்.

அக்காவுக்கு ஈரம் ஒத்துக்கொள்ளாது என்று யோசிக்க வேண்டாம். அடுப்பு எப்போதும் எரிகிறது.

அத்தான், ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. கோதையைப் பற்றி நான் எழுதியதற்கு இதுவரை உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை பதில் இல்லை. அக்கா இழுப்பு என்று கேட்டால் சும்மா இருப்பவளா? சின்ன வயதில் எனக்குத் தும்மல் வந்தாலே ஓமத்தை வறுத்துத் துணியில் கட்டிக்கொண்டு வருவாளே. அவளுக்கு வாசித்துக் காட்டினீர்களா?

அரசி

*

உறையூர்
22.5.1955

சௌ. அரசிக்கு ஆசிகள். இங்கு வெயில் கொளுத்துகிறது. நாங்கள் சுகம்.

தை மாதக் கடிதத்தில் "எதிரே லயம்கூடக் கண்ணுக்குத் தெரியாது" என்று எழுதினாய். சித்திரைக் கடிதத்தில் "குடை பிடித்துக்கொண்டு எங்கும் போய் வரலாம்" என்கிறாய். இரண்டில் எது சரி? அளவுகள் பொய் சொல்லா. பதினாறு அங்குலத்தில் யாரும் உல்லாசப் பயணம் போவதில்லை. மாசிதான்.

உன் கடிதங்களை வாசிக்க வேண்டிய முறையில் வாசித்துத்தான் வருகிறேன்.

அக்கா ஒன்று சொல்லச் சொன்னாள். குழந்தை இத்தனை மாதத்தில் வளர்ந்திருப்பாளாம். அரைஞாணில் எத்தனை கண்ணி சேர்க்க வேண்டுமென்று தெரிய, இடுப்பளவு நூல் மறுபடி அனுப்பு.

தெய்வநாயகம்

*

லிந்துலை
10.6.1955

அத்தானுக்கு,

மழை இறங்கிவிட்டது. இன்று ஒன்பதாம் நாள். சுவரில் நீர் கோத்து நிற்கிறது. கோதையின் துணிகளை அடுப்புக்கு மேலே கம்பி கட்டி உலர்த்துகிறேன். புகை பட்டால் அவளுக்கு மூச்சு முட்டுகிறது, புகையை வெளியே விடக் கதவைத் திறந்தால் சாரல் உள்ளே வருகிறது. நாள் முழுதும் கதவைத் திறப்பதும் சாத்துவதுமாக இருக்கிறேன். டிஸ்பென்சர் ஐயா வாரம் இரண்டு முறை ஊசி போடுகிறார். "நான் சொன்னது கேக்கல, பாத்தீங்களா" என்கிறார். நான் கேட்கவில்லையாம்!

எனக்குக் கோபம் வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. என்னைக் கல்லூரிக்கு அனுப்பியவர் நீங்கள். சம்பளம் கட்ட அக்காவின் வளையலை அடகு வைத்ததும் எனக்குத் தெரியும். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு ஆறு மாதமாக உங்களுக்கு வானிலை அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். சுவரில் ஒட்டியிருக்கிறீர்களே கோபுரம், அதற்கு அடியில் ஒரு குழந்தை மூச்சுக்குத் திணறுகிறது என்று அக்காவுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

வாசித்துக் காட்டினேன், அல்லது இல்லை. இதில் ஒன்றை எழுதுங்கள், போதும்.

நூல் வைத்திருக்கிறேன்.

அரசி

*

உறையூர்
28.6.1955

அன்புள்ள மங்கையர்க்கரசிக்கு. நான் உங்கள் எதிர்வீட்டுக்குக் குடிவந்திருக்கும் நர்ஸ் அழகம்மா. உங்கள் அக்கா சிவபாக்கியம் என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறார்கள். ஒரு வார்த்தை மாற்றக் கூடாது என்று கட்டளை.

ஏண்டி அரசி, நல்லா இருக்கியான்னு நான் கேக்க மாட்டேன். நல்லா இல்லேன்னு இப்பத்தான் எனக்குத் தெரியும். நூலு வந்திச்சு. கண்ணி சேக்கலாம்னு அரைஞாண் மேல வச்சுப் பாத்தேன். நூலு ரெண்டு விரக்கடை பத்தலை. தையில அளந்த இடுப்பு ஆனியில எப்படிடி சின்னதாகும்? வளர்ற புள்ளை கொறையுமா? கடுதாசியக் குடுங்கன்னு கேட்டா, "மழைதான் எழுதியிருக்கா"ங்கறாரு ஒங்க அத்தான். அலமாரியில இருந்த அம்புட்டுக் கடுதாசியையும் மடியில கட்டிக்கிட்டு நர்சம்மா வீட்டுக்கு வந்துட்டேன். அவங்க அம்புட்டையும் வாசிச்சாங்க. இழுப்புன்னு ஒரு தரம் வாசிச்சாரா அந்த மனுசன்? உப்பு மாதிரி பனி, துரைமாரு குதிரை, இதுதான் வாசிச்சாரு. நானும் வாயைப் பொளந்துக்கிட்டுக் கேட்டேன்.

ஏன்னு எனக்குத் தெரியும். அந்தக் குளிர்ல பொண்ணைக் குடுக்காதீங்கன்னு நான் அழுதேன். வெள்ளைக்காரன் ஒடம்பு தேத்தப் போற எடம், மலைக்காத்து நெஞ்சுக்கு நல்லதுன்னு படம் போட்டுக் காட்டினவரு அவரு. இப்ப எந்த மொகத்தோட வாசிப்பாரு? நேத்துலேருந்து சோறு எறங்காம ஒக்காந்திருக்காரு. இருக்கட்டும்.

நர்சம்மா வீட்டுக்காரர் விசாவுக்கு எழுதிக் குடுத்துட்டாங்க. கையில வந்த மறுநாளே ரயிலு. எந்த மாசம் நல்ல மாசம்னு யாரும் எனக்குச் சொல்ல வேணாம். மாப்பிள்ளையை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லு. எனக்குப் போர்டு படிக்கத் தெரியாது.

(சொன்னபடி எழுதியிருக்கிறேன். குழந்தையை நிமிர்த்தித் தோளில் சாய்த்தே வைத்திருங்கள். அழகம்மா.)

*

லாபிர் நானா கடைப் பின்வீடு,
வலப்பனை.
24.7.1955

அன்புள்ள அத்தானுக்கு அரசி வணக்கம். மேலே விலாசத்தைப் பார்த்துத் திகைப்பீர்கள். ஒழுங்காகச் சொல்கிறேன்.

அக்கா பத்தாம் தேதி தலவாக்கலையில் இறங்கினாள். இறங்கும்போதே காற்றில் குடை மேல்நோக்கி மடிந்துவிட்டது. முதல் வார்த்தை, "ஏண்டி, இதுவா அவரு படம் போட்ட ஊரு?" வீட்டுக்கு வந்து கோதையை வாங்கியவள் மூன்று இரவும் மடியிலிருந்து இறக்கவில்லை. மூன்றாம் நாள் குழந்தைக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. டிஸ்பென்சர் ஐயா மழைக்கோட்டோடு ஓடிவந்து ஊசி போட்டார். நான் வாசலில் நின்று மழையைத் திட்டினேன். வேறு என்ன செய்ய என்று தெரியவில்லை.

சனிக்கிழமை லாபிர் நானாவின் காய்கறி லொறி வந்தது. மாதம் இருமுறை வரும். நானும் இரண்டு வருஷமாக அதில் வாங்குகிறேன். அக்கா ஒரு பூசணிக்காயைக் கையில் எடுத்துவிட்டு உள்ளங்கையைப் பார்த்தாள். செம்மண் தூசி.

"ஏன் பாய், இது எந்த ஊருக் காயி?"

"வலப்பனைம்மா. இங்கனக்குள்ள நானான்னு கூப்பிடுங்க, பாய்னா நான் திரும்ப மாட்டேன்."

"அங்க மழை இல்லையா? தூசியா இருக்கே!"

"மழையா? ரெண்டு மாசமா ஒரு சொட்டு இல்ல. கெணத்துல வாளி தரையத் தட்டுது. எங்களுக்கு மழை ஐப்பசியிலதான்."

"எம்புட்டுத் தூரம்?"

"நுவரெலியாவத் தாண்டி எறக்கம். லொறி மனசு வச்சா மூணு மணி நேரம்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போகலாம் போலிருந்தது. இவர், "நான் இங்கயே பொறந்து வளந்தவன் அண்ணி. இங்க பேஞ்சா ஒலகமே நனையுதுன்னு நெனச்சுட்டேன்" என்றார். தோட்டத்துக்காரர்களுக்கு வெளியிடம் என்றால் இந்தியா, இல்லாவிட்டால் கொழும்பு. மலையின் மறுபக்கம் யார் நினைவிலும் இல்லை. ஆனால் நான்? தென்மேற்கு மழைக்கு மலையின் கிழக்குச் சரிவு வறண்டு கிடக்கும் என்று உங்களிடமே படித்துத் தேறியவள் நான். நீங்களும் நானும் ஆறு மாதம் அங்குலம் எண்ணிக்கொண்டிருந்தோம்.

அதே லொறியில் முன்னால் எங்களை ஏற்றிக்கொண்டார். நுவரெலியாவில் கொட்டிய மழை, ராகலை இறக்கத்தில் கதவைத் திறந்ததுபோல் நின்றுவிட்டது. நாலு வளைவு தாண்டியதும் புழுதி. நானாவின் தங்கை செரீபா பின்வீட்டைத் தந்திருக்கிறார். பக்கத்து வயல்காரர்கள் சிங்களவர்கள். அக்கா கையைக் காட்டியே அவர்களிடம் புளியும் கீரையும் வாங்கிவிட்டாள். இவர் சனிக்கிழமை வந்து ஞாயிறு போகிறார்.

எட்டு இரவாகக் கோதைக்கு இழுப்பு இல்லை. நேற்று சோறு கேட்டு அழுதாள்.

லிந்துலைக்கு வரும் தபாலை இங்கே திருப்பச் சொல்லியிருக்கிறோம்; உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அக்கா தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலைக் கூட்டுகிறாள்.

அரசி

*

உறையூர்
12.8.1955

அரசிக்கு,

நீ கேட்டதற்குப் பதில்: வாசித்துக் காட்டவில்லை. முதல் கடிதத்தில் அந்த இடம் வந்ததும் அதைத் தாண்டி நூல் பற்றிய வரிக்குப் போய்விட்டேன். அடுத்த கடிதத்தில் தாண்டுவது சுலபமாக இருந்தது. அதற்கடுத்ததில் இன்னும் சுலபம். உன் அக்கா நான் போட்ட படத்தை நம்பியவள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாசிக்க என்னால் ஆகவில்லை.

கிழக்குச் சரிவைப் பற்றி நீ எழுதியதை நாலைந்து தடவை படித்தேன். சுவரில் இருந்ததைக் கிழித்துவிட்டேன்.

ஆடி பிறந்ததிலிருந்து எனக்கு ஜுரம் விட்டு விட்டு அடிக்கிறது. மெஸ் சாப்பாடு உள்ளே போகவில்லை. நர்சம்மா ஆஸ்பத்திரியில் சேரச் சொல்கிறார். யோசிக்கிறேன்.

குழந்தை சோறு கேட்டது சந்தோஷம்.

தெய்வநாயகம்

*

வலப்பனை
28.8.1955

அன்புள்ள அத்தானுக்கு, அரசி வணக்கம்.

உங்கள் கடிதம் இருபதாம் தேதி வந்தது. அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். கோதை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள், வாயை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல். நான் வாசித்தேன். அந்த இடத்தைத் தாண்டியதையும் சுவர் வரைபடத்தைக் கிழித்ததையும் வாசித்தேன். அக்கா அழுதாள். "இதை அப்பவே சொல்லியிருந்தா ரெண்டு திட்டோட முடிஞ்சிருக்கும்" என்றாள். அடுத்த வரியில் ஜுரம் என்ற சொல்லைப் பார்த்தேன். அதைத் தாண்டி, குழந்தை சோறு கேட்ட இடத்துக்குப் போய்விட்டேன்.

"இம்புட்டுதானா?" என்று கேட்டாள்.

"அவ்வளவுதான்க்கா."

அவளுக்குத் தெரிந்தால் அன்றைக்கே புறப்பட்டுவிடுவாள். லிந்துலையில் இன்னும் கொட்டுகிறது; புரட்டாசி முடியும்வரை நாங்கள் அங்கே திரும்ப முடியாது. அக்கா இல்லாமல் இந்த ஊரில் கோதையோடு நான் தனியாக எப்படி இருப்பேன்? இதையெல்லாம் யோசித்துத்தான் செய்தேன் என்று சொல்லலாம். ஆனால் வாசிக்கும்போது நான் எதையும் யோசிக்கவில்லை. கண் தானாகத் தாண்டியது. உங்கள்மேல் இத்தனை நாள் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. அதற்காகவும் உங்கள்மேல்தான் கோபம் வருகிறது.

எட்டு நாளாக அக்கா பரிமாறும் சோற்றை நிமிர்ந்து பார்த்துச் சாப்பிட முடியவில்லை. நேற்று, "அவருக்கு ரசம் வைக்கத் தெரியாதுடி, என்னத்தைத் தின்னுறாரோ" என்று தானாகவே சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போனாள்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்தீர்களா? ஜுரம் விட்டதா, இல்லையா? இருப்பதை இருப்பதுபோல் எழுதுங்கள். கடிதம் வந்ததும் அவள் முன்னால் பிரித்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிக்கிறேன். அதைக் கேட்டுவிட்டு அவள் போகிறேன் என்றால் நானே நுவரெலியா வரை கூட்டிக்கொண்டுபோய் ரயிலுக்கு அனுப்பிவிட்டு வருகிறேன்.

சீக்கிரம் பதில் போடுங்கள், அத்தான்.

அரசி